முத்து நகரில் இரண்டு நாட்கள்

ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் முடியும் தறுவாயில், நம் பங்குகள் பலவற்றிலிருந்தும் தூத்துக்குடிக்குப் பேருந்துகள் புறப்படுகின்றன. இரவெல்லாம் செபமாலையும் பாடலுமாகப் பயணம் செய்து, விடியற்காலையில் பனிமய அன்னையின் பேராலய வாயிலில் இறங்கி, திருப்பலி கண்டு, மெழுகுதிரி ஏற்றி, மக்ரூன் பொட்டலம் ஒன்றை வாங்கிக்கொண்டு, நண்பகலுக்குள் கன்னியாகுமரிக்கு வண்டியைத் திருப்பிவிடுகின்றனர். அவர்தம் பக்தியில் குறை காண்பது நம் நோக்கமன்று. ஆயினும், அவ்வன்னையை நூற்றாண்டுகளாகப் போற்றிவரும் மக்களையும், அம்மக்களுக்குச் சோறிட்ட கடலையும் காணாமலே திரும்புவது, விருந்துக்குச் சென்று வீட்டாரின் முகம் பாராமல் வருவதை ஒக்கும்.

ஆகவே, குடும்பத்தோடு தூத்துக்குடிக்குச் செல்வோர் இரண்டு நாட்களையேனும் அவ்வூருக்கு ஒதுக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். முதல் நாள் நகருக்கு. இரண்டாம் நாள் கடற்கரைச் சிற்றூர்களுக்கு. எங்கே செல்வது, எதை உண்பது, எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பனவற்றை இங்கே ஒருவாறு தொகுத்துரைக்க விழைகிறோம்.

முத்து எங்கே?

தூத்துக்குடிக்கு முத்து நகர் என்ற பெயர் நாடறிந்தது. சென்னை எழும்பூருக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடும் இரவு வண்டிக்கும் முத்து நகர் என்றே பெயர். பேராலய முற்றத்தில் ஒரு சிறுவன் தன் தந்தையின் விரலைப் பற்றிக்கொண்டு, "முத்து எங்கேப்பா இருக்கு?" என்று வினவியதை நாம் ஒருமுறை செவியுற்றோம். தந்தை கடைத்தெருவின் பக்கம் கையைக் காட்டினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அக்கேள்விக்கு விடை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே.

இக்கரையில் முறையான முத்துக்குளிப்பு இறுதியாக நடைபெற்றது 1961-ஆம் ஆண்டில். 1955 முதல் 1961 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து குளிப்பு நடந்தது. அதன் பின்னர், குளிப்பு நடத்தப் போதிய அளவுக்குச் சிப்பிகள் சேரவில்லை. முத்துச் சிப்பி வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். 'தோலாயிரம் பார்' என்பது அவற்றுள் பெயர் பெற்ற ஒன்று. நீரோட்டம் குஞ்சுச் சிப்பிகளை வாரிச் சென்றாலோ, திருக்கை முதலிய மீன்கள் தின்று தீர்த்தாலோ, 'சூரன்' என்று குளிப்போர் அழைத்த வேறொரு சிப்பியினம் பாரை மூடிக்கொண்டாலோ, முத்துச் சிப்பி அங்கே நிலைப்பதில்லை. முற்காலத்திலும் பல ஆண்டுகள் குளிப்பே நடவாமற் போனதுண்டு. ஆனால் இத்துணை நீண்ட இடைவெளி எவரும் எதிர்பாராதது.

குளிப்பு நடந்த விதத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குளிப்பவர், காலடியில் கனத்த கல் கட்டிய கயிற்றைப் பற்றிக் கடலுள் இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சை அடக்கி, கைக்கெட்டிய சிப்பிகளை வலைப் பையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் இழுத்தெடுப்பார். மேலேயிருக்கும் கை சற்றுத் தாமதித்தால் கீழேயிருக்கும் உயிர் போய்விடும். இவ்வாறு எடுத்த சிப்பிகளில் ஆங்கில அரசு மூன்றில் இரு பங்கை எடுத்துக்கொள்ள, குளித்தவருக்கு எஞ்சியது மூன்றில் ஒரு பங்கே. அந்தப் பங்கிலும் எச்சிப்பியில் முத்து இருக்கும், எதில் இராது என்பதைத் திறந்து பார்க்கும்வரை ஒருவரும் அறியார்.

இத்தொழிலின் கொடுமை பழமையானது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்திரையக் கடற்பயணம்' என்னும் நூல், பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் கூறுகிறது. ரோமப் பெருமாட்டிகளின் கழுத்தை அணி செய்த முத்துக்குப் பின்னால் ஒரு மனிதனின் மூச்சு இருந்தது. தூத்துக்குடியில் நாம் காணப்போகும் ஒவ்வொன்றுக்கும் இவ்வுண்மை பொருந்தும். எதைப் பார்த்தாலும், இது யாருடைய உழைப்பில் விளைந்தது என்று கேட்டுக்கொண்டே செல்வோமானால், பயணம் வீண்போகாது.

முத்துக் கதை 1961-உடன் முடிந்துவிடவில்லை. மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சுவாமி என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் 1973-ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்தை விளைவித்தனர். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்வதிலும் வெற்றி கண்டனர். முத்துக் குளித்தவர்களின் வழிவந்தோருள் சிலர் இன்றும் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கச் செல்கின்றனர். இச்சங்குகள் நெடுங்காலமாக வங்காளத்திற்குச் சென்று, அங்கே மணமான பெண்கள் அணியும் வளையல்களாகின்றன. கடைத்தெருவில் 'தூத்துக்குடி முத்து' என்று எவரேனும் மாலையை நீட்டினால், அழகாயிருப்பின் வாங்குங்கள். ஆனால் கடலில் மூழ்கி எடுத்த முத்தென்று எண்ணி வாங்காதீர்கள்.

பனி காணாத ஊரில் பனிமய அன்னை

முதல் நாட் காலையில் பேராலயத்திலிருந்தே தொடங்குவோம். மக்கள் இவ்வன்னையைத் 'தஸ்நேவிஸ் மாதா' என்றும் அழைப்பர். போர்த்துக்கீசிய மொழியில் 'பனிகளின்' என்று பொருள்படும் 'தாஸ் நேவிஸ்' என்னும் தொடரே இவ்வாறு தமிழாயிற்று. உரோமையில் எஸ்குயிலின் குன்றின்மேல் கோடைக் காலத்தில் பனி பெய்த மரபுக் கதையை ஒட்டி எழுந்த திருப்பெயர், பனியே கண்டிராத, ஆகஸ்டு வெயில் கொளுத்தும் ஒரு கடற்கரை மக்களின் நாவில் குடிகொண்டது வியப்புக்குரியது.

இம்மக்களின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். முத்துக்குளிக்கும் உரிமை பற்றி எழுந்த கடும் பூசலில் தம் வாழ்வே அழியுமோ என்றஞ்சிய பரதவர், கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் தூது அனுப்பினர். அதன் விளைவாக 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். திருமுழுக்குக் கொடுத்தவர்கள் சென்றுவிட்டார்கள். கற்பிப்பார் ஒருவரும் இலர். 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் புனித பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தபின்னரே அக்குறை நீங்கியது. தமிழ் அறிந்தோர் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவரைக் கூட்டி, அவர்களுக்குக் கற்பித்து, அவர்கள் வாயிலாகப் பெற்றோருக்குக் கற்பித்தார் அவர். நம் மறைக்கல்வி வகுப்புகளுக்கு முன்னோடி இக்கரையின் மணல் தெருக்களே எனின் மிகையாகாது.

அன்னையின் திருச்சொரூபம் 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பது வழிவழி வந்த செய்தி. 1658-இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்த சபையினர். பால்தேயுஸ் என்னும் போதகர் இம்மக்களைத் தம் சபைக்கு ஈர்க்க முயன்றும் இயலாமற் போயிற்று. அந்நாட்களில் திருச்சொரூபத்தை ஊருக்கு வெளியே மறைத்துக் காத்தனர் என்பர். இன்று நாம் காணும் கோயில், ஒல்லாந்தர் ஆட்சி நடந்துகொண்டிருக்கையிலேயே, இயேசு சபைக் குரு விஜிலியுஸ் மான்சி அடிகளாரால் 1712-இல் தொடங்கப்பெற்று 1713-இல் நிறைவுற்றது. 1982-ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதனைப் பேராலயமாக உயர்த்தினார். மறைமாவட்டத்தின் ஆயர் ஆலயம் இதுவே என்று பலர் எண்ணுகின்றனர். ஆயர் ஆலயம் நகரிலேயே உள்ள திரு இருதய ஆலயமாகும். அதனையும் தரிசித்து வருதல் நலம். 1923-இல் நிறுவப்பெற்ற இம்மறைமாவட்டத்தின் முதல் ஆயரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை, இக்காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயர் பொறுப்பேற்ற முதல் இந்தியர்.

ஜூலை 26-இல் கொடியேறி, ஆகஸ்டு 5-இல் திருநாள் நிறைவுறும். தங்கத்தேர் ஆண்டுதோறும் ஓடுவதன்று. 'தேர்மாறன்' என்று மக்கள் போற்றும் பரதவர் குலத் தலைவர் காலத்தில், 1806-இல் அது முதன்முதல் ஓடியது. அண்மைக் காலத்தில் 2013-இலும் 2023-இலும் ஓடிற்று. திருநாட் கூட்டத்தில் இந்து, இஸ்லாமியச் சகோதரர்களும் திரளாக நிற்பர். கூட்டத்தைத் தாங்க இயலாத முதியோரும் கைக்குழந்தையோடு வருவோரும் திருநாளுக்கு முன்னரோ பின்னரோ வருவது அறிவுடைமை. ஆளில்லாத ஒரு காலை வேளையில் அன்னையின் முன் அமர்ந்திருப்பதும் ஓர் அருள்தான்.

கடற்கரைச் சாலையில்

பேராலயத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே ஒல்லாந்தர் 1750-இல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் உள்ளது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையினரின் வழிபாட்டிடம். ஒரு காலத்தில் முட்டி மோதிக்கொண்ட இரு சபைகளின் கோயில்கள் இன்று அண்டை வீட்டாராய் அமைதியுடன் நிற்பதைக் காண்பதே ஒரு பாடம். அருகேயுள்ள தெரு ஒன்றுக்குக் 'கிரேட் காட்டன் சாலை' என்று பெயர். முத்துக்குப் பின் இவ்வூரை வளர்த்தது பருத்தி வாணிகம் என்பதற்கு அப்பெயரே சான்று.

பழைய துறைமுகத்தில் தோணிகள் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மரத்தாலான அப்பெருந்தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் செல்பவை. முற்காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்குச் சென்றன. இந்நாளில் இயந்திரம் பூட்டியிருக்கின்றனர்.

இதே துறையிலிருந்துதான் வ.உ. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடின. வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணை நின்றபின் அவர் சிறையிடப்பட்டார். அவர் சிறையிலிருக்கும்போதே கம்பெனி கலைந்தது. செல்வத்தையெல்லாம் இழந்து, 1936-இல் இதே தூத்துக்குடியில் அவர் கண்மூடினார். 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்ற புதிய துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மற்றொருவரையும் நன்றியோடு நினைக்க வேண்டும். சுற்றிலும் உப்புநீர் சூழ்ந்த இவ்வூரில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குத் தாய்மார்கள் பட்ட பாடு கொஞ்சமன்று. நகராட்சித் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்து அவர்கள், வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே ஊருக்குக் கொணர்ந்தார். 1930-இல் மறைந்த அவரை ஊர் மக்கள் இன்றும் 'தூத்துக்குடியின் தந்தை' என்றே போற்றுகின்றனர். முத்து எடுத்த குலத்தில் பிறந்தவர் ஊருக்குத் தந்தது தண்ணீர்!

மாலையில் ரோச் பூங்காவிலோ, முத்துநகர்க் கடற்கரையிலோ பிள்ளைகளை ஓடி விளையாட விடலாம். இக்கடலில் பேரலை இல்லை. ஆயினும் கடல் கடலே. சிறுவரைக் கண்காணிப்பின்றி நீரில் இறக்காதீர்கள்.

உண்பதற்கு

தூத்துக்குடிக்குச் சென்று மீன் உண்ணாமல் வருவது அறியாமை. மற்ற ஊர்களில் வஞ்சிரம் எனப்படுவதை இங்கே சீலா என்பர். விளமீன், ஊளி, பாறை, சாளை, கணவாய், இறால் என்று வகை பல. தேங்காய் அரைத்துவிட்டுப் புளி கூட்டிய மீன் குழம்பு, சுடுசோற்றோடு உண்ணத் தக்கது. மறுநாட் காலை இட்லியோடு அது இன்னும் சுவைக்கும் என்பதை இக்கரை வீட்டார் அனைவரும் அறிவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குக் கடலில் தடையுண்டு. அக்காலத்தில் நாட்டுப்படகுகள் கொணரும் மீனே கிடைக்கும், விலையும் கூடும். ஞாயிற்றுக்கிழமையில் கடலுக்குச் செல்லாத வழக்கம் இக்கரைக் கத்தோலிக்க மீனவரிடையே இன்றளவும் உண்டு. ஆகையால் மீன் ஏலத்தைக் காண விரும்புவோர் வேறொரு நாளைத் தேர்ந்துகொள்க.

இரவில் தெருவோரக் கடைகளில் பரோட்டா சுடச்சுடக் கிடைக்கும். அக்கடைகளை இவ்வூரார் 'நைட் கிளப்' என்பர். "சாமி, நைட் கிளப்புக்குப் போவோமா?" என்று ஓர் அன்பர் நம்மை அழைத்தபோது நாம் திடுக்கிட்டுப் போனோம். பின்னர் கல்லில் பரோட்டா வேகும் மணத்தை நுகர்ந்த பிறகே மனம் அமைதியுற்றது.

மக்ரூனைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. முட்டையின் வெண்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பு கூம்பாக வைத்து மெல்லிய சூட்டில் வேகவைப்பர். ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பால் செய்யப்படும் தின்பண்டம் இது. போர்த்துக்கீசியர் வழியாக இவ்வூருக்கு வந்து, வாதுமைக்குப் பதில் முந்திரி ஏற்றது என்பர். அம்முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்ததே! மீன் குழம்பின் மிளகாயும் அவர்கள் கப்பலில் வந்ததே. மக்ரூன் பட்டால் நொறுங்கும். காற்றுப் பட்டால் பிசுபிசுக்கும். ஆகவே மூட்டைக்கு அடியில் வைக்காமல், மூடியுள்ள தகரப் பெட்டியில் இட்டு மடியில் வைத்துக்கொண்டு வருக.

உணவு மட்டுமா வந்தது? சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, கோப்பை, பீப்பாய், துவாலை, அன்னாசி, ஏலம் ஆகிய சொற்களெல்லாம் போர்த்துக்கீசியத்திலிருந்து தமிழில் கலந்தவை. நம் வீட்டைப் பூட்டித் திறக்கும் ஒவ்வொரு நாளும், அறியாமலே அம்மொழியைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உப்பு விளையும் வயல்

முதல் நாள் பிற்பகலில் ஒரு மணி நேரத்தை உப்பளங்களுக்கு ஒதுக்குங்கள். ஊரை விட்டு வெளியேறினாலே வேப்பலோடைப் பக்கமும் முத்தையாபுரம் பக்கமும் வெண்ணிறப் பாத்திகள் கண்ணெட்டும் தூரம் விரிந்து கிடக்கும். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த நிலையில் தமிழ்நாடு நிற்பது பெரிதும் இம்மாவட்டத்தாலேயே. உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் சுண்டச் செய்து, உப்புப் பூத்ததும் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரிக் கரையேற்றுவர். வெயிலுக்கு அஞ்சி விடியுமுன்னே வேலை தொடங்கும். வெண்மையில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைக் கெடுக்கும். உப்புநீர் பாதத்தை அரிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்துவிட்டால் அளத்தில் வேலையே இராது.

உப்பைப் பற்றி ஆண்டவர் கூறியதை மறையுரையில் பலமுறை கேட்டிருக்கிறோம். வாரும் கைகளை நேரில் கண்டபின் அந்த நற்செய்தி வேறு விதமாக ஒலிக்கும். அங்கே உழைப்போரைக் காட்சிப் பொருளாக்கிப் படம் பிடிக்க வேண்டா. ஒரு வணக்கம் சொல்லி, பிள்ளைகளை அவர்களோடு பேச விடுங்கள்.

இரண்டாம் நாள்: தென்கரை

மறுநாட் காலையில் திருச்செந்தூர்ச் சாலையில் தெற்கு நோக்கிப் புறப்படுவோம். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்பன முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்கள். இவற்றுள் பின்னைய நான்கும் இவ்வழியைச் சார்ந்தே உள்ளன.

முதலில் வருவது பழையகாயல். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டு எழுதிய 'காயல்' துறை இதுவே என்பர். அங்கிருந்து உள்ளே சென்றால் கொற்கை. பாண்டியரின் பெருந்துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கல் தொலைவில் வயல்களின் நடுவே ஒரு சிற்றூர். தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கரையை வளர்த்துவிட, கடல் விலகிச் சென்றது. 1968-69-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இங்கே அகழாய்வு நடத்தியது. கப்பல்கள் நின்ற இடத்தில் இன்று நாற்று நிற்பதைக் காண்போர், எந்த ஊரின் செல்வமும் நிலையன்று என்பதை உணர்வர்.

தாமிரபரணி கடலோடு கலக்குமிடம் புன்னைக்காயல். இங்கே பணியாற்றி 1600-இல் இங்கேயே உயிர்நீத்தவர் இயேசு சபைக் குரு அன்றிக்கு அன்றீக்கசு அடிகளார். இவர் தமிழைக் கற்று, இலக்கணம் எழுதி, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழெழுத்தில் அச்சேற்றினார். இந்திய மொழிகளுள் முதன்முதலாகத் தன் எழுத்திலேயே அச்சு வடிவம் கண்டது நம் தமிழே. 1586-இல் புனிதரின் வரலாறுகளைக் கூறும் 'அடியார் வரலாறு' வெளிவந்தது. அந்நூல்கள் அறிஞர் அவைக்கென்று எழுதப்பட்டவையல்ல. முத்துக்குளித்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த குடும்பங்கள் படிக்கவென்றே எழுதப்பட்டவை. தமிழின் அச்சுக்கலை இக்கடற்கரை மக்களின் தேவையில் பிறந்தது. இப்பழம் நூலை இருபதாம் நூற்றாண்டில் உலகறியச் செய்த தனிநாயகம் அடிகளாரும் தூத்துக்குடி மறைமாவட்டக் குருவே என்பது நமக்குப் பெருமை.

அடுத்துக் காயல்பட்டினத்தின் பழம்பெரும் பள்ளிவாசல்களும், திருச்செந்தூர் முருகன் கோயிலும் வரும். வழிபடுவோர்க்கு இடையூறின்றி, அவ்விடங்களின் பெருமையை மரியாதையோடு பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல் நம் கடமை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, மாவட்டமே வெள்ளத்தில் தத்தளித்தது. அந்நாட்களில் கோயில், பள்ளிவாசல் என்று பாராமல் மக்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தனர். ஐப்பசி முதல் மார்கழி வரை பயணம் செல்வோர் வானிலை அறிவிப்பைக் கேட்டுப் புறப்படுக.

நிறைவாக மணப்பாடு. ஒருபுறம் கடலுக்குள் நீண்ட மணற்குன்று, மறுபுறம் உப்பங்கழி, நடுவே இலங்கை வாணிகத்தில் செழித்த குடும்பங்கள் எழுப்பிய மாளிகைகள். குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயம்; அதன் திருநாள் செப்டம்பர் 14. புயலில் சிக்கித் தப்பிய கப்பல் ஒன்றின் முறிந்த பாய்மரத்தைக் குன்றின்மேல் சிலுவையாக நட்டதே இத்தலத்தின் தொடக்கம் என்பர். கடலை நோக்கிய குகை ஒன்றில் புனித சவேரியார் தங்கிச் செபித்தார் என்பது மரபு. அலை மோதும் பாறைக்கு அருகேயே உப்புக் கரிக்காத கிணறு ஒன்றும் உண்டு. அந்தக் குகை வாயிலில் பிள்ளைகளோடு சற்று நேரம் வாய் பேசாமல் அமருங்கள். நாம் கூறும் எவ்வுரையும் அதற்கு ஈடாகாது.

மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் பெட்டியும் கூடையும் முடைகின்றனர். பக்கத்திலுள்ள உடன்குடி கருப்பட்டிக்குப் பெயர் பெற்றது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பனையேறி, சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, காய்ச்சி, சிரட்டையில் வார்த்தெடுக்கும் அத்தொழிலைச் செய்வோர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகின்றனர். வெள்ளைச் சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டியோ மலிவாகக் கிடைக்கிறது. அருகேயுள்ள குலசேகரன்பட்டினத்தில் விண்ணூர்தி ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்தப் பெருமையும் வரட்டும். பனையேறுபவரின் பிழைப்பும் நிலைக்கட்டும்.

வாங்குவதும் விடுவதும்

தூத்துக்குடிக் கடலில் கரைக்கு அணித்தே வான் தீவு, காசுவாரித் தீவு, கரைச்சல்லித் தீவு, விலாங்குசல்லித் தீவு என நான்கு தீவுகள் உண்டு என்று படித்திருப்பீர்கள். அவற்றுள் விலாங்குசல்லி நீருக்குள் அமிழ்ந்துவிட்டது. வான் தீவு தன் பெரும்பகுதியை இழந்து, செயற்கைப் பாறைகள் இட்டுக் காக்கப்படுகிறது. சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பவளப் பாறைகளை நெடுங்காலம் வெட்டி எடுத்ததால் நேர்ந்த கேடு இது. பவளப்பாறையே அலையைத் தடுக்கும் மதில். அதுவே மீன் முட்டையிட்டுப் பெருகும் தொட்டில். 1986-இல் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவாக இப்பகுதி அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் தீவுகளில் இறங்குதல் குற்றம்.

ஆகவே பவளத் துண்டு, கடற்குதிரை, கடலட்டை ஆகியவற்றை எவர் இரகசியமாக நீட்டினாலும் வாங்காதீர்கள். அவை சட்டத்தால் காக்கப்படுபவை. அழகுக்காக நாம் அலமாரியில் வைக்கும் ஒரு துண்டு, மீனவச் சகோதரரின் கரையிலிருந்து பெயர்த்தெடுத்த ஒரு செங்கல். மாறாக, கருப்பட்டி, ஓலைப் பெட்டி, கருவாடு, மக்ரூன் இவற்றைத் தாராளமாக வாங்குங்கள். கூடுமானவரை செய்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். நாலு ரூபாய்க்காக அவரோடு வாதாடாதீர்கள்.

முத்து போயிற்று. தீவுகள் தேய்கின்றன. பனையேறுவோர் அருகி வருகின்றனர். ஆயினும் ஞாயிறு தோறும் படகைக் கரையேற்றிவிட்டு, குடும்பத்தோடு கோயிலுக்கு வரும் மக்கள் அங்கே இருக்கின்றனர். அவர்களைக் கண்டு, அவர்கள் கதையைக் கேட்டு, அவர்கள் உழைப்பில் விளைந்ததை நேரிய விலைக்கு வாங்கி வருவதும் திருயாத்திரையின் ஒரு பகுதியே. முத்து எங்கே என்று பிள்ளை கேட்டால், இந்த மக்களைச் சுட்டிக் காட்டலாம்.

இவ்வாண்டு தூத்துக்குடிக்குப் பேருந்து பேசும் பங்குப் பொறுப்பாளர்களுக்கு இறுதியாக ஒரு சொல்: வாடகையை இரண்டு நாட்களுக்குப் பேசுங்கள்.